கொல்லையில் கொம்பு வண்டு

மகள் பிறந்த வருடம் அத்தை, அதாவது என் மாமியார், ஸ்ரீரங்கம் வீட்டுக் கொல்லையில் ஒரு தென்னங்கன்று வைத்தார். குழந்தையும் கன்றும் சேர்ந்து வளர வேண்டும் என்பது அவர் ஆசை. மகள் ஓடியாடத் தொடங்கிய பிறகு ஒரு நாள் புது மட்டை விரிந்தபோது, கத்தரிக்கோலால் யாரோ விசிறி வெட்டியதுபோல் ஓலை இருந்தது. அடியில் ஒரு துளை. அதைச் சுற்றி மென்று துப்பிய நார்.

காண்டாமிருக வண்டு. மூக்கின்மேல் ஒற்றைக் கொம்போடு கருப்பாக இருக்கும். விரியாத குருத்துக்குள் துளைத்துப் போய்த் தின்னும். குருத்து போனால் கன்று போயிற்று. கன்று போனால் குழந்தைக்கு ஏதாவது ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. நானேதான் நினைத்துக்கொண்டேன். படித்தவள் இப்படி நினைக்கலாமா என்றும் நினைத்தேன். இரண்டும் சேர்ந்து தலையை வலித்தது.

காந்தி மார்க்கெட்டில் வேப்பம் புண்ணாக்கு வாங்கி, மணலில் கலந்து மட்டை இடுக்குகளில் போட்டேன். கொஞ்ச நாளில் மறுபடி நார் தெரிந்தது. "அந்துருண்டை வச்சு மேல மணலைப் போட்டு மூடிடுங்க. வண்டு கிட்டயே வராது" என்றார் கடைக்காரர். வைத்தேன். அப்போது அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. துணி அலமாரியில் வைப்பதுதானே.

சமையலறையில் நின்றிருந்தபோது மகள் கையை மூடிக்கொண்டு வந்தாள்.

"பாப்பா, கையைக் காட்டு."

மணல் ஒட்டிய வெள்ளை உருண்டை. "மிட்டாய்மா."

"வாயில வச்சியா?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.

"வைக்கலதானே?"

அதற்கும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஆட்டோவில் போகும்போது அவள் வாயை முகர்ந்து பார்த்துக்கொண்டே போனேன். என் விரலிலேயே அந்த வாடை இருந்ததால் எதுவும் தெரியவில்லை. டாக்டர் பரிசோதித்துவிட்டு, ரத்தமும் எடுத்துப் பார்த்தார். "தின்ன மாதிரி தெரியல. ஆனாலும் சில நாள் கவனிங்க. யூரின் கருத்துப் போனா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். அதன்பின் ஒவ்வொரு தடவையும் அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். மஞ்சளா, கொஞ்சம் அடர் மஞ்சளா? கணவரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். "நல்லாத்தான்டி இருக்கு" என்பார். அவர் சரியாகப் பார்த்தாரா என்று சந்தேகம் வரும்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. உருண்டைகளை எல்லாம் தோண்டி எடுத்துவிட்டேன். எத்தனை வைத்தேன் என்று எண்ணாததால் எல்லாம் வந்துவிட்டதா என்று தெரியாமல் மணலைச் சலித்தேன். இனி மருந்து கிடையாது என்று முடிவு செய்தேன். ஆனால் வண்டு எங்கிருந்து வருகிறது?

மக்கிய சாணத்திலும் குப்பையிலும்தான் அது முட்டையிடும் என்று படித்தபோது, மதிலோரத்துக் குழி ஞாபகம் வந்தது. கோயிலில் கொடுத்த மாலை, பூஜை அறைத் துளசி, பூ எதையும் எங்கள் வீட்டில் குப்பை வண்டியில் போடுவதில்லை. கால் படக்கூடாது. அத்தை எல்லாவற்றையும் அந்தக் குழியில் போட்டு, மேலே சாணம் தூவி வைப்பார். அந்த உரத்தைத்தான் கன்றுக்கும் போட்டோம்.

மண்வெட்டியால் கிளறினேன். கட்டைவிரல் தடிமனில், வளைந்து சுருண்ட வெள்ளைப் புழுக்கள். சிலவற்றின்மேல் மாலை கட்டிய வாழைநார் சுற்றியிருந்தது.

"பெருமாள் மாலையிலயா புழு வரும்?" அத்தை நம்பவில்லை. குனிந்து பார்த்ததும் முகம் சுருங்கியது. "நான் ஊட்டி வளத்திருக்கேன் பாரு."

"நீங்க என்ன பண்ணுவீங்க அத்தை, எனக்கும்தான் தெரியல."

கொல்ல இருவருக்குமே மனம் வரவில்லை. முறத்தில் எடுத்து வைத்தோம். அதற்குள் மதிலில் காக்கைகள் வந்து உட்கார்ந்தன. தினமும் அத்தை சாதம் வைக்கிற அதே காக்கைகள்.

"அய்யய்யோ, அதுங்களுக்கா? உன் மாமனாரை நெனச்சுல்ல சாதம் வைக்கிறேன். வெங்காயம்கூடத் தொட மாட்டாரு மனுஷன்."

ஒரு காக்கை அவர் முடிப்பதற்குள் ஒன்றைக் கொத்திக்கொண்டு பறந்தது.

"அப்பா ஒளிச்சு வச்சிருந்த ஆசைபோல" என்றார் வாசற்படியில் நின்ற கணவர்.

"போடா!" என்றார் அத்தை. ஆனாலும் முறத்தை மதில்மேல் அவரேதான் வைத்தார்.

குழியை மூடிவிட்டோம். இப்போது மாலைகளை மாடியில் காயவைத்து, நொறுக்கி, தொட்டிச் செடிகளுக்குத் தூவுகிறோம். காற்றடிக்கும் நாளில் பூத்தூள் துவைத்த துணியில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு வேலை கூடிவிட்டது.

போன வாரம் அடுத்த மட்டை விரிந்தது. அதிலும் வெட்டு. குருத்துக்குள் இருந்தபோதே பட்ட கடி, விரியும்போதுதான் வெளியே தெரியும் என்பது எனக்குத் தெரியும். பழைய காயமாக இருக்கலாம். புதியதாகவும் இருக்கலாம்.

"வேணும்னா உருண்டையே வைப்போமா? உயரத்துல, பாப்பா கைக்கு எட்டாம?" என்று கேட்டார் கணவர்.

"வேண்டாங்க. கன்னு போனா இன்னொண்ணு வச்சுக்கலாம்" என்றேன்.

அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலை, பால் பொங்குவதற்குள் கொல்லைக்குப் போய், குனிந்து, குருத்தின் அடியில் புது நார் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இல்லை. இன்னொரு தடவையும் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.