முதல் சோலோ ஷிப்டில் வந்த ட்ரோன்

1. குரல் தேர்வு

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. குரலுக்கும் ஒரு தேர்வு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு பத்தியைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். திக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது, ஒரு சொல் அடுத்த சொல்லோடு ஒட்டக் கூடாது. நான் இயற்பியல் படித்தவள். எழுத்துத் தேர்வு எனக்குப் பயமாக இல்லை. இந்தக் குரல் தேர்வுதான் பயம். காரணம், எங்கள் வீட்டில் யாரும் ஒரு வாக்கியத்தை ஒரே மொழியில் முடித்ததில்லை. தமிழில் தொடங்குவோம், நடுவில் தெலுங்குக்குப் போவோம், எண் வந்தால் ஆங்கிலம். அதையும் மூச்சு விடாமல் சொல்வோம்.

எங்கள் ஊர் ஆந்திரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலசமுத்திரம் பக்கம். நைனா, அதாவது என் அப்பா, அரசுப் பேருந்து ஓட்டுநர். கல்லூரிக்கும் அதற்குப் பிறகு தேர்வுப் பயிற்சிக்கும் சித்தூரில் எஸ்தர் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சித்தி என் அம்மாவின் தங்கை. நான் விடியற்காலையில் எழுந்து படித்தால் எனக்கு முன்னால் எழுந்து காப்பி போடுவார். சித்தியின் மகன் டேனி என்னைவிட நான்கு வயது சின்னவன். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. கேமரா ஏறியது. கல்யாணம், ஞானஸ்நானம், மஞ்சள் நீராட்டு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போய் வீடியோ எடுப்பான்.

குரல் தேர்வுக்கு என்னைத் தயார் செய்தவன் அவன்தான். கல்யாண மாப்பிள்ளைகளுக்கு மாட்டும் காலர் மைக்கை என் துப்பட்டாவில் மாட்டி, நான் வாசிப்பதைப் பதிவு செய்து, ஹெட்போனில் எனக்கே போட்டுக் காட்டுவான்.

“அக்கா, நீ பேசிக்கினு இல்ல, ஓடிக்கினு இருக்க. யாரு தொரத்தறாங்க ஒன்ன?”

“இன்னொரு தபா போடுடா.”

“கமா வந்தா நில்லு. பஸ் ஸ்டாப் மாதிரி நெனச்சுக்கோ. நின்னு, ஆளு ஏறினப்புறம் போ.”

ஒரு மாதம் இப்படி நடந்தது. தேர்வறையில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்த அன்று சித்தி சர்ச்சில் எழுந்து நின்று, கடவுளுக்கு நன்றி சொல்லி அழுதுகொண்டே சாட்சி சொன்னார். என் அம்மாகூட அவ்வளவு அழவில்லை.

2. சொந்த ஊர்ப் பக்கம்

பயிற்சிக் கல்லூரியில் சிமுலேட்டரில் நூற்றுக்கணக்கான விமானங்களை இறக்கினேன். சிலவற்றை மோதவும் விட்டேன். அதற்குத்தானே சிமுலேட்டர். பயிற்சி முடிந்ததும் எந்த ஊருக்குப் போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. என் கூடப் படித்த நெல்லூர்ப் பையனை அஸ்ஸாமுக்குப் போட்டார்கள். எனக்குத் திருப்பதி வந்தது. ரேணிகுண்டா பக்கத்தில் இருக்கும் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரிலிருந்து வீட்டுக்குப் பேருந்திலேயே போய்விடலாம். நண்பர்கள் எல்லோரும் பொறாமைப்பட்டார்கள்.

போஸ்டிங் வந்தால் வேலை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. புதிதாகப் பயிற்சி முடித்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் தனியாக ரேட்டிங், அதாவது அங்கே தனியாக வேலை செய்யும் தகுதி, வாங்க வேண்டும். அதுவரை நீங்கள் மைக்கில் பேசினாலும், ரேட்டிங் உள்ள ஒருவர் பக்கத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்த நேரமும் உங்கள் குரலை வெட்டிவிட்டு அவர் பேசலாம்.

எங்கள் ஷிப்டுக்கு சூப்பர்வைசர் பத்மஜா மேடம். கடப்பாக்காரர். தமிழ் புரியும், பேசினால் தெலுங்காகிவிடும். அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. ஒருநாள் சரியாகச் செய்தால் மறுநாள் அதே வேலையைக் கொடுப்பார். அதுதான் பாராட்டு.

ஊரில் என் வேலை யாருக்கும் புரியவில்லை. பைலட்டா என்றார்கள். இல்லை. ஏர் ஹோஸ்டஸா? இல்லை. அப்படியென்றால் கொடி காட்டுகிற வேலையா என்று எங்கள் சர்ச் பாஸ்டரம்மா கேட்டார். திருப்பதியில் வேலை என்றதும் தரிசன டிக்கெட் கேட்டு மூன்று பேர் போன் செய்தார்கள். நைனா மட்டும் ஒரே பதிலாக வைத்திருந்தார்.

“எங்க பொண்ணு எறங்குன்னு சொன்னாத்தான் பிளேன் எறங்கும். இல்லன்னா மேலயே சுத்திக்கினு இருக்க வேண்டியதுதான்.”

நான் திருத்தவில்லை. அது முழுப் பொய்யும் இல்லை.

ரேட்டிங் தேர்வில் தேறினேன். தனியாக உட்காரும் முதல் ஷிப்ட் மறுநாள் மத்தியானம் என்று சொன்னார்கள். வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். சற்று நேரத்தில் டேனி கூப்பிட்டான்.

“அக்கா, நாளைக்கு ஜன்னல் பக்கமா நில்லு. படம் நல்லா வரணும்.”

“ரோட்லருந்து செல்லுல எடுத்தியானா நான் எறும்பு மாதிரிதான்டா தெரிவேன்.”

அவன் சிரித்தான். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

3. நகராத புள்ளி

டவருக்கு ஏறுமுன் செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டு ஏறினேன். முந்தைய ஷிப்டில் இருந்தவரிடம் ஹாண்ட்ஓவர் வாங்கிப் பொறுப்பேற்றேன். வெயில் நன்றாக இருந்தது, காற்று குறைவு, மலை தெளிவாகத் தெரிந்தது. பத்மஜா மேடம் பின்னால் மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஹெட்செட் போட்டுக்கொண்டு யாரும் இல்லை. அந்த நாற்காலி காலியாக இருந்ததை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

முதலில் ஒரு விமானம் புறப்பட்டது. அடுத்து பெங்களூரிலிருந்து ஏடிஆர் என்ற சிறிய விமானம் ஒன்று இறங்க வந்தது. ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேராக நான்கு மைல் தூரத்தில் இருந்தபோது இறங்க அனுமதி கொடுத்தேன். கொடுத்த பிறகும் ரன்வேயையும் வரும் பாதையையும் பைனாகுலரில் ஒருமுறை பார்ப்பது வழக்கம். நாய், மாடு, பறவை எது வேண்டுமானாலும் இருக்கும்.

ரன்வே முனைக்கு வெளியே, வேலிக்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. பருந்து என்றால் வட்டமிடும். கொக்கு என்றால் கடந்து போகும். இது நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு நேராக மேலே ஏறி மறுபடியும் நின்றது. எந்தப் பறவையும் அப்படி ஏறாது.

மைக்கை அழுத்தினேன். “கோ அரவுண்ட்” என்றேன். இறங்காமல் மேலேறிச் சுற்றி வா என்று அர்த்தம். இன்னொரு முறையும் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்: ட்ரோன், ரன்வே முனைக்கு முன்னால், பாதைக்கு இடப்பக்கம். பைலட் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “கோயிங் அரவுண்ட்” என்றார். ஏடிஆர் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலேறியது. அது புள்ளிக்கு மேலே நல்ல உயரத்தில் கடந்து போகும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

மேடம் எழுந்து வந்துவிட்டார். “ஏமைந்தி?” என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“ட்ரோன், மேடம். வேலிகிட்ட.”

“ஆபரேட்டர் எவரு? எக்கட?”

யார், எங்கே என்று கேட்கிறார். பைனாகுலரைக் கீழே இறக்கி வேலிக்கு வெளியே இருக்கும் ரோட்டைப் பார்த்தேன். ஒரு நீல வேன் நின்றிருந்தது. அதன் பக்கவாட்டில் வெள்ளை வண்ணத்தில் சிலுவை. எங்கள் சர்ச் பள்ளிக்கூட வேன். அதைச் சுற்றி இருபது, முப்பது பேர். பாஸ்டரம்மாவின் குடை தெரிந்தது. சித்தியின் ரோஸ் நிறப் புடவை தெரிந்தது. நைனா வேனின் படிக்கட்டில் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் டவரைப் பார்த்து, எனக்குத்தான் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் ஆட்டவில்லை. தலையைக் குனிந்து கையில் இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏடிஆருக்குப் பின்னால் ஹைதராபாத்திலிருந்து இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. ட்ரோன் கீழே இறங்கிவிட்டது என்று உறுதியாகும்வரை எதையும் இறக்க முடியாது. வெகுநேரம் ஆனால் இரண்டையும் சென்னைக்குத் திருப்ப வேண்டியிருக்கும். வேலியின் நீளம் பெரியது. பாதுகாப்புப் படை ஜீப் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுற்றினால் எவ்வளவு நேரமாகுமோ.

“மேடம், ரோட்ல நீல வேன் நிக்குது. எங்க சர்ச் வேன். ட்ரோன் வச்சிக்கினு இருக்கறவன் என் தம்பி.”

மேடம் என் முகத்தைப் பார்த்தார். “நீ தம்முடா?” உன் தம்பியா என்கிறார்.

“ஆமா, மேடம். சித்தி பையன்.”

அவர் போனை எடுத்துப் பாதுகாப்புப் படைக்கு வேன் நிற்கும் இடத்தைச் சொன்னார். போனை வைத்துவிட்டு, “ஹாண்ட்ஓவர் இச்சேசி லே” என்றார். அதாவது, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு எழுந்திரு. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னார்.

பின்னால் வேறொரு மேஜையில் இருந்த சீனியர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். எந்த விமானம் எந்த உயரத்தில், யாருக்கு என்ன சொல்லியிருக்கிறேன் என்று வரிசையாக ஒப்படைத்தேன். ஒரு விவரமும் விட்டுப்போகவில்லை. எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டேன். ஜீப் ரோட்டில் போவது தெரிந்தது. வேனைச் சுற்றியிருந்தவர்களின் கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. புள்ளியும் இறங்கியது. சற்று நேரத்தில் ஏடிஆர் திரும்பி வந்து இறங்கியது. அதற்குப் பின்னால் வந்ததும் இறங்கியது. சென்னைக்கு எதுவும் போகவில்லை.

என் முதல் சோலோ ஷிப்ட் அவ்வளவுதான்.

4. போலீஸ் ஸ்டேஷனும் விசாரணையும்

டேனியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். ட்ரோனைப் பறிமுதல் செய்தார்கள். அது அவன் புதிதாக வாங்கியது. அதை நம்பி அந்த முகூர்த்த மாதம் முழுக்க ஆர்டர் பிடித்திருந்தான். விமான நிலையத்தைச் சுற்றி அனுமதி இல்லாமல் பறக்க விடக் கூடாது என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. வேலிக்கு உள்ளே போகாதவரை தப்பில்லை என்று நினைத்திருக்கிறான்.

நைனா சப்-இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றார். “சார், எல்லாரையும் கூட்டிக்கினு வந்தது நான். பையனை வுட்டுட்டு என் பேரை எழுதிக்கோங்க.”

அவர் நைனாவை மேலும் கீழும் பார்த்தார். “பெத்தாயனா, நீக்கு ட்ரோன் எகரேயடம் ஒச்சா?” உனக்கு ட்ரோன் ஓட்டத் தெரியுமா என்று கேட்டாராம். நைனா தெரியாது என்றார். “அப்போ ஓரமா உக்காரு” என்று தமிழில் சொல்லி அனுப்பிவிட்டார். டேனி மேல் வழக்குப் பதிவானது. மறுநாள் ஜாமீனில் வந்தான்.

என்னிடமும் விசாரணை நடந்தது. டவரில் நான் பேசியதன் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டார்கள். முந்தின நாள் டேனி போனில் சொன்னதை அப்படியே சொன்னேன். ட்ரோன் என்று நான் நினைக்கவில்லை என்பதையும் சொன்னேன். நம்பினார்களா என்று முகத்தில் தெரியவில்லை. விசாரணை முடியும்வரை சீட்டில் உட்காரக் கூடாது என்றார்கள். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். பத்மஜா மேடம் விசாரணையில் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருநாள் ஷிப்டுக்கு வந்ததும் ஹெட்செட்டை என் முன்னால் வைத்து, “கூர்ச்சோ” என்றார். உட்கார் என்று அர்த்தம்.

5. வீடு

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தது நான் மறுபடியும் சீட்டில் உட்கார்வதற்கு முன்னால். அம்மா நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

“ஒன் வாயாலயே சொன்னியாமே, எந்தம்பின்னு?”

“ஆமா, சித்தி.”

“யாரோ ஒருத்தன்னு வுட்டிருந்தா இன்னாடி கெட்டுப்போச்சு? அவங்களே தேடிப் புடிச்சிருக்க மாட்டாங்களா?”

“புடிச்சிருப்பாங்க சித்தி. அதுக்குள்ள ரெண்டு பிளேன் மேல நின்னுக்கினு இருந்துச்சு.”

“பிளேன் நிக்கும். எம்பையன் ஸ்டேஷன்ல நின்னானே. எங்க ஊட்ல துன்னு வளந்தவதானே நீ?”

அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை சித்திக்கு இருந்தது. அவர் போனதும் நைனா எழுந்து வெளியே போய்விட்டார். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நெடுநாள் சித்தி என்னோடு பேசவில்லை. பண்டிகைக்கு எங்கள் ஊர் சர்ச்சுக்கு வந்தாலும், பெண்கள் பக்கம் நான் உட்காரும் வரிசையை விட்டு வேறு வரிசைக்குப் போய்விடுவார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து கேக் வரும். அந்த வருடம் வரவில்லை.

டேனி வந்தான். ரேணிகுண்டாவில் நான் எடுத்திருந்த அறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் வந்து வாசலில் நின்றான். உள்ளே கூப்பிட்டு டீ போட்டேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

“அந்த பிளைட்ல எத்தினி பேருக்கா?”

“அறுபது, எழுபது பேர் இருப்பாங்கடா.”

“ஸ்கிரீன்ல அது எங்கியோ தூரமா தெரிஞ்சிச்சுக்கா. பின்னாடி ஒன்ன வச்சு, முன்னாடி பிளேன வச்சு ஒரே பிரேம்ல எடுக்கலாம்னு நின்னேன். இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும், கிட்ட வரட்டும்னு பாத்துக்கினே இருந்தேன்.”

அவன் அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வழக்கு அபராதத்தோடு முடிந்தது. டேனி பிறகு முறையாக ட்ரோன் பயிற்சி எடுத்து லைசென்ஸ் வாங்கினான். இப்போது விஜயபுரம் பக்கம் நிலக்கடலைக்கும் நெல்லுக்கும் ட்ரோனில் மருந்து அடிக்கிறான். கல்யாண வீடியோவைவிட வேலை அதிகம் என்கிறான். சித்தி இப்போது பேசுகிறார். உடம்பு எப்படி இருக்கிறது, கல்யாணமாகிப் போன வீட்டில் மாமியார் எப்படி இருக்கிறார் என்று எல்லாம் கேட்பார். என் வேலையைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்குப் பக்கத்தில் ஹெட்செட் போட்டுக்கொண்டு உட்காருவது என் வேலை. அவர்களிடம் இந்தக் கதையைப் பாதிவரை சொல்லிவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். முதலில் விமானத்தைத் திருப்புவேன், பிறகு உண்மையைச் சொல்வேன் என்று எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள். யோசிக்காமல் சொல்கிறார்கள். அது நல்லதுதான், அந்த நாற்காலியில் யோசிக்க நேரம் இருக்காது. ஆனால் ஷிப்ட் முடிந்ததும் எங்கே போவீர்கள் என்றும் கேட்பேன். அதற்கு ரூல் புக்கில் பதில் கிடையாது. வீட்டுக்குத்தான் போக வேண்டும். போய், அவர்கள் கேட்பதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் கடினமானது அதுதான்.