அமெரிக்காக்காரிகளின் பெரட்டு

"எந்தச் சீமை? இன்னொரு வாட்டி சொல்லுங்க கிராணியாரே" என்று ராக்காயி வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருகிறாள். இடது காது கேட்காது. போன வருஷத் தீபாவளியன்று, கள் வெறியில் புருஷன் ஐயாவு அறைந்த அறையில் போனது. கையில் பால்மரம் சீவும் உளி, மடியில் தீட்டுக்கல். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேரும் பழைய பேப்பரை ஞாயிறுதோறும் ஆபீஸ் வாசலில், ஆள்கணக்கு எழுதும் கிராணியான நான் சத்தமாகப் படிப்பேன். இருபது பேர் கேட்பார்கள். கேள்வி கேட்டு என் உயிரை வாங்குகிறவள் இவள் ஒருத்திதான்.

1920 கடைசியில் ஒருநாள் அமெரிக்கச் சேதி. அங்கே பெண்கள் எழுபது வருஷம் போராடி, ஜெயிலுக்கும் போய், இப்போதுதான் நாடு முழுக்க வோட்டு வாங்கியிருக்கிறார்கள். வோட்டு என்றால் என்ன என்றாள். பேரைப் பதிந்து, வரிசையில் நின்று, கூப்பிட்டதும் போவது என்று சொல்லிவைத்தேன்.

உளி தீட்டுவது நின்றுபோனது. "அட கடவுளே, அதானே நம்ம பெரட்டு! தெனம் இருட்டுல வரிசையா நிக்க வச்சு, வேலைக்கு வந்துட்டியான்னு என் பேரத்தான் கூப்பிடுறீங்களே லா. இதுக்கா ஜெயிலுக்குப் போனாளுங்க? பைத்தியக்காரிங்க!"

"இது வேலைக்கு இல்ல ராக்காயி. யார் ஆளணும்னு சொல்றதுக்கு" என்றேன். அதே நாட்டில் தெற்கே பருத்திக் காட்டில் பாடுபடும் கறுப்பு ஜனங்கள் பேர் பதியப் போனால், சட்டத்தைப் படி, அர்த்தம் சொல் என்று பரீட்சை வைத்துத் துரத்துகிறார்கள் என்பதையும் படித்தேன்.

"பஞ்சு எடுக்கச் சொன்னப்ப பரீட்சை வச்சானா?"

பேப்பரை மடித்துவிட்டேன்.

மறுவாரம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு வந்தது: லயத்து வீடுகளுக்குப் பக்கத்துக் கள்ளுக்கடை இருக்கட்டுமா, மூடட்டுமா, தொழிலாளிகளே கை தூக்கிச் சொல்லலாம். ராக்காயிக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாய்ப் போய், "மூடிட்டா இந்த ஒரு காதாச்சும் மிஞ்சும்" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கூடிய பிறகு துரை சொன்னார், ஆம்பளைகள் மட்டும் என்று. பெண்கள் ஓரமாய் ஒதுங்கினார்கள். "காலையில என் பேரு இருந்திச்சே கிராணியாரே, பொழுது சாயறதுக்குள்ள எங்க போச்சு?" என்று கேட்டாள். கேலியில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். தினம் அந்தப் பேரை எழுதுகிறவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். மூட வேண்டும் என்பவன் கை தூக்க வேண்டும். இழுபறியாகவே போனது. நடுவில் ஐயாவு பேர் வந்தது. ஆளைக் காணோம், கள்ளுக்கடையிலேயே கிடந்தான். இரண்டாம் தடவையும் கூப்பிட்டேன். யாரோ சிரித்தார்கள்.

ராக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஐயாவு நிற்க வேண்டிய இடத்தில் நின்று, கையைத் தூக்கினாள்.