சகாதேவன் அடித்த பெயின்ட்

உண்ணாமலைக்கு எதைப் பார்த்தாலும் குமட்டாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே திருவண்ணாமலையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சளி, சீழ், மலம் என்று டப்பாக்களில் வருவதையெல்லாம் திறந்து, கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பக்கத்து அறையில் தயிர்சாதம் சாப்பிடுகிறவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு சைக்கிளைப் பார்த்துக் குமட்டல் வந்தது என்றால், அவள் கணவன் முருகையனே முதலில் நம்பவில்லை.

ஆசிரமத்துப் பக்கம் குடிவந்த பிறகுதான் அவளுக்கு இந்தச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. மாடியில் வாடகைக்கு இருந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை. அவருடைய பழைய ரேஸ் சைக்கிள் மொட்டை மாடியில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய கனம். வீட்டுக்காரர் அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார். அவள் மாடிப்படிக்குக் கீழே கொண்டுவந்து வைத்தாள். துருப்பிடித்த நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள். வீடியோ பார்த்துப் பார்த்துப் பெடல் அச்சைக் கழற்றினாள். கழற்றிய பிரேக்கைத் திரும்ப மாட்டத் தெரியாமல் அழுதுகூட இருக்கிறாள். கடைசியில் ஒரு விடியற்காலை அது கிரிவலப் பாதையில் சத்தமே இல்லாமல் ஓடியது. நடந்துகொண்டிருந்த பக்தர்கள் திடுக்கிட்டு ஒதுங்கினார்கள். அதன்பிறகு மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிளாவது பிரிந்து கிடக்காத நாள் கிடையாது. வெளிநாட்டுக்காரர்கள் விட்டுவிட்டுப் போனவை, விடுதிகளின் பின்கட்டில் கோழி அடைந்தவை என்று எதையாவது கொண்டுவந்துவிடுவாள்.

அவளைப் போலவே இந்தப் பைத்தியம் பிடித்த ஐந்தாறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரிவலப் பாதையில் ஒன்றாகச் சைக்கிள் ஓட்டுவார்கள். அடி அண்ணாமலையில் நிறுத்தி டீ குடிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர் சகாதேவன். தேரடி வீதிக்குப் பக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். அவர் கைபட்ட சைக்கிள் கண்ணாடி மாதிரி மின்னும். அவருக்குப் பழைய சைக்கிளைத் தேடிப்பிடித்துப் பெயின்ட் அடித்து, நான்கு பேர் அதன் அழகைப் பேசக் கேட்பதுதான் ஆனந்தம். உண்ணாமலைக்கும் கருநீலத்தில் ஒன்று அடித்துக் கொடுத்திருந்தார். அவள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். சக்கரம் கோட்டம் எடுப்பதிலும் பால்ரஸ் குண்டு மாற்றுவதிலும் அவள் கை சுத்தம் என்பதால், பெயின்ட் வேலை முடிந்ததும் வண்டியை அவளிடம்தான் அனுப்புவார்.

அப்படி ஒரு மாதுளை நிறச் சைக்கிள் போன தை மாதம் வந்தது. வேட்டவலம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் ஓவியாவுக்காகச் சகாதேவன் தயார் செய்தது. நிறத்தைத் தேர்ந்தெடுத்ததே ஓவியாதான். நாளைக்கே வருமா, நாளைக்கே வருமா என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உண்ணாமலை முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஃப்ரேமைத் துடைத்தாள். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் கீறினாள். பெயின்ட் சில்லாகப் பெயர்ந்தது. உள்ளே இரும்பு இல்லை. வெள்ளையாக மாவு உதிர்ந்தது. கார் ஒடுக்கு எடுக்கிறவர்கள் தகரத்தில் பள்ளத்தை மறைக்கப் பூசுகிற பட்டி. பிளேடை எடுத்துச் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. அதற்குக் கீழே குழாய் பாதிச் சுற்றுக்கு வெடித்து, வாயைப் பிளந்துகொண்டு, உள்ளே துரு ஈரமாகக் கசிந்திருந்தது. விரிசலைப் பற்றவைக்கவில்லை, துருவைக்கூடத் துடைக்கவில்லை. அப்படியே பூசி, தேய்த்து, மேலே மாதுளை நிறம் அடித்திருந்தது.

இறக்கத்தில் வேகமாக வரும்போது இது முறிந்தால் ஓட்டுகிறவளின் முகம்தான் முதலில் தரையில் படும். அதை நினைத்தபோது அவளுக்கு அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. எழுந்து குழாயடிக்கு ஓடினாள். முருகையன் லேபில் எதையாவது தொட்டுவிட்டு வந்தாயா என்று கேட்டான். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைக் காட்டினாள்.

மறுநாள் வேலை முடிந்து நேராகச் சகாதேவன் கடைக்குப் போனாள். அவருக்கே தெரியாமல் யாரோ அவர் தலையில் கட்டிவிட்டிருப்பார்கள் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். சொன்னதையெல்லாம் நிதானமாகக் கேட்டார்.

“எனக்குத் தெரியாம இருக்குமாம்மா? நான்தானே பூசினேன்” என்றார். குரலில் ஒரு பிசிறும் இல்லை. “அந்தப் பொண்ணு என்ன ரேஸா ஓட்டப் போவுது? பார்க்க லட்சணமா இருக்கா, அவ்ளோதான். நீங்க மேல கொஞ்சம் பூசி அனுப்புங்க, நான் இன்னொரு கோட் அடிச்சுத் தரேன்.”

“ஒடைஞ்சா பல்லு போவும்ணா. கழுத்தே போவும்.”

“பழசுன்னா எல்லாத்துலயும் ஒரு கம்மி ஜாஸ்தி இருக்கத்தான் செய்யும்.”

அவளுக்குத் தன் கருநீல வண்டி ஞாபகம் வந்தது. ஒரு வருடமாக அதில்தான் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்குகிறாள். அதிலும் இப்படித்தானா என்று கேட்டேவிட்டாள். அவர் சிரித்தார். பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல ஒரு சிரிப்பு.

“உங்க வண்டியில நான் அப்படிச் செய்வனா? நீங்க கழட்டிப் பார்க்குற ஆளாச்சே. உங்களுக்கு நல்ல ஃப்ரேமாப் பார்த்துதான் கொடுத்தேன்.”

அந்தப் பேச்சுத்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாகப் பட்டது. பார்க்கிறவர்களுக்கு ஒன்று, பார்க்காதவர்களுக்கு ஒன்று என்று ஆள் பார்த்துப் பூசியிருக்கிறார். அதை மரியாதை செய்ததாக நினைத்துச் சொல்லவும் செய்கிறார். டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலை டீக்கடையில் மற்றவர்களிடம் போட்டோவைக் காட்டினாள். சகாதேவன் அன்றைக்கு வரவில்லை. போன் கை மாறிக் கை மாறிப் போனது. ஒவ்வொருவர் வண்டியிலும் அவர் அடித்த பெயின்ட் வெயிலில் பளபளத்தது. எல்லாவற்றையும் ஒரு தடவை சுரண்டிப் பார்த்துவிடலாம், தானே உட்கார்ந்து செய்து தருகிறேன் என்றாள். விடுதி நடத்தும் அப்பாதுரை தன் பச்சை நிற சைக்கிளைக் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

“அதெல்லாம் வேணாம்மா. நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது. சொரண்டினா அந்த ஃபினிஷிங் திரும்ப வருமா?”

அப்பாதுரையின் விடுதியில் தங்குகிறவர்களும் அந்தப் பச்சை சைக்கிளை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டில் போவார்கள். அதைச் சொன்னாள். பெரியவர் மனசு நோகும்படி நடந்துகொள்ள வேண்டாம் என்று இன்னொருவர் சொன்னார். பேச்சு அப்படியே பௌர்ணமிக் கூட்டத்துக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. அவர்கள் ஊதி ஊதி டீ குடிப்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. சகாதேவன் ஒருவர் பூசினார், இவர்கள் அத்தனை பேரும் அதைக் காவல் காக்கிறார்கள் என்று தோன்றியது. அன்று தனியாகத் திரும்பினாள். பிறகு அந்தக் கூட்டத்தோடு போகவில்லை.

ஓவியாவை வீட்டுக்கு வரவழைத்து, அந்த விரிசலைத் தொட்டுப் பார்க்க வைத்தாள். அவள் விரலை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். பற்றவைத்துவிட முடியாதா என்று கேட்டாள். இவ்வளவு மெலிந்த குழாய் உள்ளே அரித்தபிறகு எதையும் தாங்காது என்றாள் உண்ணாமலை. ஓவியாவுக்கு அழுகை வந்தது. பயத்தைவிட, அந்த நிறம் போகிறதே என்ற அழுகைதான் அது. உண்ணாமலைக்கு அவள்மேலும் ஒரு கணம் எரிச்சல் வந்தது. ஆனால் துடைத்த விரலை அவள் மறுபடியும் பார்த்துக்கொண்டதைக் கண்டு கோபம் போய்விட்டது. ஜெர்மன்காரர் விட்டுப்போன சைக்கிளை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அதில் கீறல் உண்டு, சொட்டை உண்டு, எல்லாம் வெளியே தெரியும். ஓவியா அரை மனதோடுதான் ஏறினாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தபோது, எடுத்துக்கிறேன்க்கா என்றாள்.

அடுத்த வாரம் சகாதேவன் போன் செய்து, இஷ்டமில்லையென்றால் மாதுளை நிற ஃப்ரேமைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், வேறொருவர் கேட்டிருக்கிறார் என்றார்.

உண்ணாமலை சரி என்றாள். இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்து உட்கார்ந்தாள். ஃப்ரேமை இரண்டாக அறுக்கும்போது பட்டியும் பெயின்ட்டும் சூடேறி ஒரு நாற்றம் கிளம்பியது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அறுத்தாள். முருகையன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு துண்டுகளையும் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்க் கடை மேஜைமேல் வைத்தாள்.

சகாதேவன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு துண்டுகளையும் எடுத்து, வெட்டுவாயோடு வெட்டுவாய் சேர்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் சுற்றிலும் தடவினார்.

“நேராத்தான் அறுத்திருக்கீங்க. உள்ள ஒரு கம்பி குடுத்தா நின்னுக்கும்” என்றார்.

அவள் கடையை விட்டு இறங்கி, வெயிலில், கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தாள். இப்போது பெயின்ட்டுக்கு வேறு கடைக்குப் போகிறாள். எப்போதாவது காய்கறி மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் சகாதேவன் பழையபடியே சிரித்து, என்னம்மா, புதுசா வண்டி ஏதாவது கிடைச்சுதா என்று விசாரிக்கிறார். அந்தச் சிரிப்பை மட்டும் அவளால் சகிக்க முடியவில்லை.