பெண்கள் பக்கத்துக் கேமரா

பாகாயம் பிரிஸ்கில்லா பேச ஆரம்பித்தால் வேலூர்க் கோட்டை அகழியிலிருந்து முதலை எழுந்து வந்து கரையில் தலை வைத்துக் கேட்கும் என்பார்கள். அகழியில் முதலை இருந்ததை இப்போது உயிரோடிருக்கும் யாரும் பார்த்ததில்லை. அவள் பேச்சைக் கேட்டுக் கேட்டு இரை எடுக்க மறந்தே அவை செத்துப்போயின என்று ஒரு கட்சி உண்டு. அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் வாயைப் பூட்டி வைத்திருந்தாள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போன கல்யாணங்களில் என்ன பார்த்தாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வார நாட்களில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு வேலை. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னாள். ஒன்று இன்னொன்றோடு ஒத்துப்போகாது. அண்ணன் ஜெபசீலன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன நிக்கான் பிலிம் கேமராவில்தான் தொழில் பழகினாள். சண்டே ஸ்கூல் ஆண்டு விழா, ஞானஸ்நானம், சர்ச் கல்யாணம் என்று போய்க்கொண்டிருந்தவளை ஆம்பூர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்களுக்குத் தனி ஹால். ஆண் கொசுகூட அங்கே கனைத்துவிட்டுத்தான் நுழையும். மணப்பெண்ணைப் படம் எடுக்க வேண்டும், எடுப்பவள் பெண்ணாக இருக்க வேண்டும். தொண்ணூறுகளில் அந்த வட்டாரத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் பிரிஸ்கில்லா ஒருத்திதான் மேலே நிற்பாள்.

இதில் ஒரு சங்கடம். எடுப்பவள் பெண், ஆனால் பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடுகிறவன் ஆண். ஆகையால் ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் பிரிஸ்கில்லா வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த ஒரு கலர் லேபுக்குப் போய், மெஷின் பக்கத்திலேயே தூண் மாதிரி நிற்பாள். ஆப்பரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னாள் என்பது மிகை. கலர் பார்க்க வேண்டுமே. ஒரு கண்ணால் பார்க்க அனுமதித்தாள். படமும் நெகட்டிவும் சூடு ஆறுவதற்குள் அவள் பைக்குள் போய்விடும். "ஒரு ஆம்பள கண்ணு படாது" என்பது அவள் கொடுத்த வாக்கு. அந்த ஒரு வாக்கை வைத்துத்தான் அத்தனை வீட்டுக் கதவும் அவளுக்குத் திறந்தது.

இரண்டாயிரத்து ஆறில் அவளுக்குத் தெரியாமல் ஒரு படம் கூடுதலாகப் பிரிண்ட் ஆயிற்று. பளிச்சென்று விழுந்த படம். ஆப்பரேட்டர் ஆசைப்பட்டுப் பெரிதாக்கி, கடை வாசல் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டான். பேரணாம்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய முக்தார் அகமது என்ற பெரியவர் தம் தம்பி மகளை அங்கே பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை. படத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு நேரே பாகாயம் வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"பிரிஸ்கில்லாம்மா, நம்ம வூட்டுப் பொண்ணு பஸ் ஸ்டாண்டுல நிக்குது" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆம்பூரிலிருந்து போன் வரவில்லை. பேரணாம்பட்டிலிருந்தும் வரவில்லை. எட்டு மாசம் பேசாமல் இருந்தாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எட்டு நாள் இருக்கும். அவளுக்கு அதுவே ஒரு யுகம்.

வந்தவள் சுகரா பேகம் ஒருத்திதான். பிரிஸ்கில்லாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவள்.

"இன்னா பிரிசி, மூஞ்சி ஏன் பொட்டி மாதிரி மூடிக்கெடக்குது? என் பொண்ணு ஷஹீனுக்கு மே மாசம் நிக்காஹ். நீதான் எடுக்கணும்."

"வேற யாரையாவது பாரு. என் வாக்கு போச்சு."

"வாக்கு போவல. லேப்தான் போச்சு. லேபே இல்லாம எடுக்குற கேமரா வந்திருக்குதாமே?"

பிரிஸ்கில்லாவுக்கு அது வேலையைப் பற்றிய பேச்சாக இல்லை. மறுபடி ஆம்பூரில் தலை நிமிர்ந்து நடக்க ஒரே ஒரு வழி தெரிந்தது. அதை வாங்கக் கிளம்பினாள்.

வேலூரில் சர்தார் பாஷாவின் கேமராக் கடை. சனிக்கிழமை தவறாமல் போய் உட்கார்ந்தாள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கென்று வந்திருந்த இரண்டு டிஜிட்டல் கேமராக்களைப் பாஷா கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒன்று கேனான், ஒன்று நிக்கான். இரண்டையும் அவள் பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது பத்து மெகாபிக்சல் மேடம். அது ஆறுதான்" என்றார் பாஷா கேனானைத் தட்டி.

"ஆறுல எடுத்தா பொண்ணு மூக்குத்தியில எத்தினி கல்லுன்னு தெரியுமா?"

"நல்லாவே தெரியும்."

"அப்ப மிச்சம் நாலு எதுக்கு? மூக்குக்குள்ள பாக்கவா?"

பாஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போனார். கேனானில் ஃபோகஸ் பிடிக்க ஒன்பது புள்ளி, நிக்கானில் மூன்று. மேடையில் பெண்ணும் பெண்ணின் அம்மாவும் மாமியாரும், மூன்று போதும் என்றாள். நிக்கான் கைக்கு அடக்கம், கனம் கம்மி. நாள் முழுக்க நின்று எடுக்கிறவளின் தோளுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் அதன் உடம்பில் ஃபோகஸ் திருப்பும் மோட்டார் இல்லை.

"உங்க பழைய லென்ஸ் இதுல மாட்டும் மேடம். ஆனா ஃபோகஸ் நீங்கதான் திருப்பணும், வெளிச்ச அளவும் சொல்லாது. புதுசா கத்துக்குற பசங்க இதுக்குத்தான் பேஜார் ஆவுறாங்க."

"பதினஞ்சு வருசமா கையாலதான் திருப்புறேன். கேமரா சோம்பேறின்னா நான் சுறுசுறுப்பு. போவட்டும்."

படம் பதியும் கார்டைச் செருகினால் கம்ப்யூட்டர் இல்லாமலே படம் துப்பும் சின்ன பிரிண்டர் ஒன்றையும் அவள் பார்த்து வைத்திருந்தாள். நிக்கானில் போடுகிற தபால்தலை அளவுக் கார்டுதான் அதன் வாய்க்குப் பொருந்தியது. தராசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று பாஷா பில் புத்தகத்தை எடுத்தார். பிரிஸ்கில்லா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ரெண்டுலயும் உங்களையே ஒரு படம் புடிங்க. இப்ப அழிங்க."

கேனானில் குப்பைத்தொட்டிப் பொத்தானை அமுக்கி, 'அழி' என்பதைத் தேர்ந்து, நடுப் பொத்தானை அமுக்க வேண்டியிருந்தது. நிக்கானில் அதே குப்பைத்தொட்டிப் பொத்தானை இரண்டு தரம் அமுக்கினால் போதும்; பாஷா போயே போய்விட்டார்.

"திரும்பி வருமா?"

"கார்டைக் கம்ப்யூட்டர்ல போட்டுத் தோண்டுனா சில சமயம் வரும். அது மேலயே வேற படம் ரொப்பிட்டா வராது." பாஷா தாடியைத் தடவினார். "என் கடைக்கு வர்றவங்க எல்லாரும் எது நல்லா எடுக்கும்னு கேப்பாங்க. நீங்க எது நல்லா மறக்கும்னு கேக்குறீங்க மேடம்."

"அதுக்குத்தான் வாங்குறேன்" என்றாள் பிரிஸ்கில்லா.

ஷஹீன் பானு நிக்காஹ் அன்று பெண்கள் ஹாலில் கேமராவின் பின்பக்கத் திரையைச் சுற்றி ஈ மொய்த்தது மாதிரி கூட்டம். எடுத்த அடுத்த நொடியே தன் முகத்தைப் பார்க்கலாம் என்பது அவர்களுக்குப் புதிது. ஒரு கிழவி தன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு இந்தக் கெழவி?" என்று கேட்டாள். மணப்பெண் முக்காட்டுக்குள் குலுங்கிச் சிரித்தாள். "ஆண்ட்டி, நான் சிரிச்சது விழுந்துடுச்சா? அழிச்சிடுங்க, அம்மி திட்டுவாங்க" என்றாள். பிரிஸ்கில்லா அழிக்கவில்லை. அதைத்தான் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்தாள்.

படங்களை வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு பிரிண்ட் எடுத்தாள். எல்லாம் ஒரே ஒரு பிரதி. ஒன்று போதும் என்று சுகராதான் சொன்னாள். பெண் எங்கேயோ படமும் அங்கே. ஆல்பத்தைச் சுகரா கையில் கொடுத்தபின் அவள் கண் முன்னாலேயே படங்களை அழித்துக் கார்டைத் துடைத்தாள். அதோடு விடவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்க் காம்பவுண்டுச் சுவரைப் படம் எடுக்க ஆரம்பித்தாள். ஒரே சுவர், ஒரே இடம். கார்டு நிரம்பும்வரை எடுத்தாள்.

"பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு?"

"மூடி மேல மூடி போடுறேன். இனிமே அமெரிக்காவுலேர்ந்து ஆள் வந்து தோண்டுனாலும் செவுருதான் வரும்."

சுகரா அந்தக் கதையை ஆம்பூர் முழுக்கச் சொன்னாள். வாய்க்கு வாய் அது வளர்ந்து, பிரிஸ்கில்லா கேமராவையே கிணற்றில் கழுவினாள் என்று பேரணாம்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள் முக்தார் அகமதின் வீட்டிலிருந்தே போன் வந்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அதேபோல் கார்டைத் துடைத்தாள், சுவரை எடுத்தாள். பாகாயத்தில் அத்தனை போட்டோ எடுக்கப்பட்ட சுவர் வேறில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஷஹீன் பெங்களூரில் பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து சில வாரம் கழித்துச் சுகரா பாகாயத்துக்கு வந்தாள். காப்பியைத் தொடவில்லை.

"ஆல்பத்த அவ மாமியார் கிழிச்சிட்டாங்க பிரிசி. செத்த பொண்ணு மூஞ்சிய வெச்சி நாலு பேரு பாக்குறது தப்புன்னு, அழுதுகிட்டே ஒண்ணொண்ணா கிழிச்சிருக்காங்க. அவங்கள நான் குத்தம் சொல்லல. எனக்கு ஒண்ணு குடு. என்கிட்ட இருக்கிறது பத்தாவது ஹால் டிக்கெட்டுப் படம், அதுல கொழந்த மூஞ்சி. பெரிய பொண்ணா ஒண்ணு குடு."

பிரிஸ்கில்லா எழுந்து கேமராவை எடுத்து வந்தாள். சுவர்தான் வரும் என்று தெரிந்தும் அதைச் சொல்லாமல் ஆட்டோ பிடித்தாள்; இருவரும் பாஷா கடைக்குப் போனார்கள். வெளியாள் பார்ப்பாரே என்று பிரிஸ்கில்லா கேட்டதற்குச் சுகரா, "உலகமே பாக்கட்டும்" என்றாள். பாஷா கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தோண்டினார். திரையில் சுவர் வந்தது. அதற்குக் கீழே சுவர். மதியத் தொழுகைக்குக்கூட எழுந்திருக்காமல் பார்த்துவிட்டு, கார்டை மெதுவாக வெளியே எடுத்துத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

கடைக்கு வெளியே நிழலில் நின்றார்கள்.

"ஊருக்கே பொய் சொல்ற ஆளு நீ" என்றாள் சுகரா. குரலில் கோபம்கூட இல்லை. "எனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? அழிச்சிட்டேன்னு சொல்லிட்டு, திருட்டுத்தனமா ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கக் கூடாதா?"

பிரிஸ்கில்லா கார்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்தார்கள். பிறகு சுகரா, "நீ பாத்தத சொல்லு. ஒண்ணொண்ணா சொல்லு" என்றாள்.

பிரிஸ்கில்லா கண்ணை மூடிக்கொண்டாள். முதல் படத்தில் ஷஹீன் சிரிக்கிறாள், முக்காடு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்றாள். இரண்டாவதில் ஒரு சின்னப் பெண் அவள் காதில் ஏதோ சொல்கிறாள். மூன்றாவதில் நீ அவளுக்குப் பிரியாணி ஊட்டுகிறாய், உன் கைதான் தெரிகிறது, முகம் இல்லை.

"ஆமா" என்றாள் சுகரா. "ஆமா."

"நாலாவது, கைய மடியில வெச்சிருக்கா. மருதாணி. ரெண்டு கையிலயும் பச்சைக் கண்ணாடி வளையல்."

சுகரா தலையை அசைத்தாள். "செவப்பு. நான்தான மாட்டிவுட்டேன். செவப்பு."

பச்சைதான். திரையில் ஃபோகஸ் சரியா என்று பெரிதாக்கிப் பார்த்ததே அந்த வளையலைத்தான். பிரிஸ்கில்லா கண்ணைத் திறக்கவில்லை.

"செவப்புதான்" என்றாள். ஐந்தாவது படத்திலும் அதைச் சிவப்பாகவே சொன்னாள்.