டேப் அக்கா மேடையேறினார்

கதவைக் கண்டால் போதும், அக்காவின் கை கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்புக்குப் போய்விடும். வங்கியோ, பல் டாக்டரோ, வாசலில் சக்கர நாற்காலியை நிறுத்தி அகலத்தை அளந்த பிறகுதான் மறுவேலை. பத்தாவிட்டால் முணுமுணுக்க மாட்டார். உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். "நான் வர முடியல, நீங்க வாங்க!" பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் எழுந்து வந்திருக்கிறார்கள்.

தொழில், துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைப்பது. என் பேண்ட்டுகள் வருடா வருடம் அவர் கையில்தான் அகலமாகின்றன. "வயிறு போட்டுடுச்சுக்கா" என்று நான் நெளிந்தபோது, வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "பேண்ட் பத்தலன்னா ஆளையா வெட்டுறோம்? பேண்ட்டைத்தானே பிரிக்கிறோம்! கட்டடம் கட்டுறவங்களுக்கு இது ஏன்தான் புரியலையோ."

மகன் கல்யாணத்தில் அக்கா மேடைக்குக் கீழேயே இருந்துவிட்டார். குடும்பப் படத்தில் அவர் இல்லை. மகள் கல்யாணம் முடிவானதும் அதே மண்டபத்துக்குப் போய் மேடைக்குச் சாய்தளம் கேட்டார். மண்டப மேனேஜர் நல்ல மனிதர், தொல்லையே அதுதான்.

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்? நாலு பசங்கள விட்டு ராணி மாதிரி தூக்கிட்டுப் போயிடுறோம்."

"தூக்கினா உங்களுக்குப் புண்ணியம், எனக்குக் கூச்சம். எல்லாரும் என்னையே பாப்பாங்க. அன்னைக்கு என் பொண்ணைத்தான் பாக்கணும்."

மேனேஜர் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தார். "இது சறுக்குமரம். ஒரு மூட்டையைத் தள்ளுவண்டியில வச்சு நீங்களே ஏத்திப் பாருங்க" என்றார் அக்கா. வண்டி பாதியில் மேனேஜர் மேலேயே திரும்பி வந்தது. அதன் பிறகுதான் அக்கா சொன்ன அளவுக்கு, நீளமாக, கைப்பிடியோடு சாய்தளம் எழுந்தது.

கல்யாணத்தன்று கழுத்தில் நகையோடு டேப்பும் தொங்கியது. மேனேஜரோ மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று சாய்தளம் முழுக்க மெத்தென்று சிவப்புக் கம்பளம் விரித்துவைத்திருந்தார். பாதி வழியில் சக்கரம் புதைந்து நின்றது. தூக்குவதற்குச் சொந்தக்காரப் பையன்கள் ஓடினார்கள். மேடையில் மகளின் முகம் வெளுத்துவிட்டது.

அக்கா கையை உயர்த்தினார். "யாரும் தொடாதீங்க. நான் கீழ இறங்கிக்கிறேன். கம்பளத்தைச் சுருட்டுங்க."

மெல்ல இறங்கினார். மேனேஜரே முட்டி போட்டுச் சுருட்டினார். வெறும் பலகையில் அக்கா தானே சக்கரத்தைத் தள்ளி, மூச்சு வாங்க ஏறி, மகள் பக்கத்தில் போய் நிறுத்தினார். மண்டபமே கைதட்டியது.

"என்னை விடுங்க, பொண்ணைப் பாருங்க!" என்று அதட்டினார் அக்கா. அதட்டிய வாய் காது வரை சிரித்துக்கொண்டிருந்தபோதே படம் எடுத்துவிட்டார்கள்.

மேனேஜர் முகத்தைத் துடைத்தபடி மேடையேறி வந்தார். "அக்கா, சாப்பாட்டு ஹால் கதவு... அதுவும் குறுகலா இருக்குமோ?"

அக்கா தன் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி, அவரைக் குனியச் சொல்லி, அவர் கழுத்தில் போட்டார்.