நாநா அனுப்பிய பேஸ்ட்

1. கைப்பையில் இருந்த டிஸ்க்

பஸ்மினா எங்கள் கடைப் படியேறி வந்தபோது கணினிப் பெட்டியைக் கைப்பிள்ளை மாதிரி இடுப்பில் தாங்கியிருந்தாள். அலவத்துகொடையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் அப்படியே வந்திருக்கிறாள். மேசையில் வைத்து பக்கமூடியைக் கழற்றினேன். உள்ளே டிஸ்க் இல்லை.

கேட்டதற்கு, “அது எண்ட பையில ஈக்கி அக்கா. அத மட்டும் தர ஏலா” என்றாள்.

காரணத்தைச் சொன்ன பிறகு எனக்கு அவள்மேல் மரியாதை வந்துவிட்டது. முஸ்லிம் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை மட்டும் வீடியோ எடுப்பது அவள் தொழில். மணப்பெண்ணும் தோழிகளும் தலைத்துணி இல்லாமல் ஆடிப்பாடும் காட்சிகள் அவை. அவளே எடுத்து, அவளே எடிட் செய்து, மணப்பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடுவாள். அந்த நம்பிக்கைதான் அவளுடைய மூலதனம். டவுனில் ரிப்பேர் மேசையில் ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று யாரோ சொல்லித்தான் என்னைத் தேடி வந்திருந்தாள். வேறு ஸ்டூடியோவில் கொடுத்து முடித்துக்கொள் என்று அவளிடம் சொல்ல வழியில்லை.

எடிட் செய்ததை முழு வீடியோவாக்க ரெண்டர் போட்டால் பாதியில் ஃபேன் எல்லாம் அலறி, திரை கறுத்து, மெஷின் நின்றுவிடுகிறது. மணப்பெண் வெள்ளிக்கிழமை லண்டனுக்கு, கணவனிடம் போகிறாள். அதற்குள் வீடியோ அவள் கைக்குப் போக வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை. இந்த ஒரு வேலை பிசகினால் ஊரில் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட ஆளிருக்காது. நம் ஊர்களில் நல்ல பெயர் நடந்து வரும், கெட்ட பெயர் பறந்து வரும்.

2. ஓரத்தில் ஒரு கீறல்

நோய் எது என்று கண்டுபிடிக்க நேரம் எடுக்கவில்லை. கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிப் பார்த்தேன். குசினிக்குப் பக்கத்து அறையில் வேலை செய்வாள் போலிருக்கிறது, ஃபேனில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடை கட்டியிருந்தது. சிப்பின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்க்கைப் பிரித்தால், இரண்டுக்கும் நடுவில் சூடு கடத்தப் பூசியிருந்த பழைய பேஸ்ட் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. துடைத்துப் புதுப் பேஸ்ட் போட்டால் சரியாகிவிடும் என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. பையைத் திறந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தாள். கட்டாரில் ட்ரைவராக இருக்கும் அவளுடைய நாநா, அதாவது மூத்த அண்ணன், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. கடையில் ஆக நல்லதைக் கேட்டு வாங்கினாராம். உள்ளே இருந்தது லிக்விட் மெட்டல். பாதரசம் மாதிரி வெள்ளையாக ஓடும் உலோகம். சூட்டைக் கடத்துவதில் சாதாரணப் பேஸ்ட் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. அது உண்மை.

ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அலுமினியத்தில் பட்டால் உள்ளே இறங்கித் தின்றுவிடும்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஹீட்சிங்க்கின் அடித்தட்டு வெள்ளையாக இருப்பதால் மட்டும் அது அலுமினியம் என்று முடிவு கட்டாதீர்கள். செம்புக்கு நிக்கல் பூசினாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். சிப்பில் படாத ஓரமாகப் பார்த்து பிளேடு நுனியால் மெல்லக் கீறினால் தெரிந்துவிடும். சிவப்புத் தெரிந்தால் செம்பு. பஸ்மினாவின் கார்டில் நான் கீறினேன். வெள்ளைக்கு அடியிலும் வெள்ளைதான்.

போட முடியாது என்றேன். அவள் நம்பவில்லை. கடையில் இருக்கும் மலிவான பேஸ்டைத் தள்ளிவிடப் பார்க்கிறேன் என்று நினைத்தாள் போல. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்காக எல்லாம் மருந்தாகிவிடுமா என்று கேட்டுவிட்டேன். அவள் கண் கலங்கியது.

“வெயில்ல நின்டு ஒழைச்ச காசுல வாங்கினது அக்கா. போட்டியான்னு ராவைக்கு வீடியோ கோல்ல கேப்பாரு. நான் என்னத்த காட்ட?”

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வெளிநாட்டுக்குப் போனவர் அனுப்பிய செண்ட் வாசனை பிடிக்காவிட்டாலும், அவர் கோல் எடுக்கும்போது பூசிக்கொண்டு நிற்போம்.

கழிவுப் பெட்டியில் கிடந்த பழைய அலுமினிய ஹீட்சிங்க் ஒன்றை எடுத்தேன். மேலே கீறிவிட்டு, அவள் அனுமதியோடு நாநாவின் டியூபிலிருந்து ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தேன். நாளைக்கு வந்து பாருங்கள், நாநாவையும் லைனில் எடுங்கள் என்றேன். ஒரு நாள் வீணாகப் போகிறதே என்ற கவலை அவளுக்கு. எனக்கும்தான். ஆனால் மனதில் சந்தேகத்தோடு அவள் அந்தக் கார்டை எடுத்துப் போவதை நான் விரும்பவில்லை.

3. சுவர்ப் பக்கம் திருப்பிய திரை

மறுநாள் கடை திறக்கும்போதே வந்து நின்றாள். போனில் நாநா. சலாம் சொன்னார், ஆனால் குரலில் சூடு இருந்தது. கடைக்காரன் தன்னிடம் பொய் சொல்லியிருக்க மாட்டான் என்றார். நான் விவாதிக்கவில்லை. போனை டப்பா ஒன்றில் சாய்த்து வைத்து, ஹீட்சிங்க்கைத் திரைக்கு நேரே பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். முந்தின நாள் சுத்தியலால் அடித்தாலும் உடையாத துண்டு, தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட் மாதிரி பொடிந்து மேசையில் கொட்டியது.

பஸ்மினா ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

“நான் பெட்டியப் பாத்து வாங்கினேன் தாத்தா” என்றார் நாநா கடைசியில். முஸ்லிம் ஆட்களின் வாயில் தாத்தா என்றால் அக்கா. “தங்கச்சிட கார்ட்ல என்ன ஈக்கின்னு கேக்கல்ல. நீங்க ஒங்கடத போடுங்க.”

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஃபேனைக் கழுவினேன். சிப்பை ஸ்பிரிட்டால் துடைத்துக் கடையிலிருந்த சாம்பல் நிறப் பேஸ்டைப் போட்டேன். ப்ரோசஸருக்கு ஒரு பயறு அளவு நடுவில் வைத்தால் போதும், மூடும்போது அதுவே பரவிக்கொள்ளும். கார்டில் சிப் மூடியில்லாமல் இருப்பதால் மூலைவரை மெல்லியதாகத் தடவ வேண்டும். பேஸ்ட் எதையும் குளிரவைப்பதில்லை. இரண்டு உலோகத்துக்கு நடுவில் இருக்கும் காற்றை வெளியேற்றுவதுதான் அதன் வேலை. கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிட்டு ஒதுங்க வேண்டும். அப்பி வைத்தால் அவரே நடுவில் குந்திக்கொள்வார்.

டிஸ்க்கை அவளே பையிலிருந்து எடுத்து மாட்டினாள். மொனிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி, சுவருக்கும் மேசைக்கும் நடுவில் கதிரைகளைப் போட்டு இரண்டு பேரும் ஒடுங்கி உட்கார்ந்தோம். முதலாளி தேத்தண்ணி கொண்டுவந்தார். விஷயம் தெரிந்த மனுசன், தட்டை மேசையின் மறுபக்கம் வைத்துவிட்டுப் போனார்.

ரெண்டர் ஓடியது. நான் திரையின் மூலையில் இருந்த சூட்டு எண்ணைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. முன்பு தொண்ணூறு டிகிரியைத் தாண்டித் துடித்த கார்ட் எழுபதுகளில் நின்றது. அந்த இடம் கடந்தும் போனது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரையில் மணப்பெண் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீடியோ வியாழன் மாலையே மணப்பெண்ணின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

4. சிவப்பு

கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அந்த மணப்பெண் வீட்டார் சொல்லியே பஸ்மினாவுக்கு வேலை பெருகியது. தெல்தெனிய வரைக்கும் கூப்பிட்டார்கள். சில மாதம் கழித்து, இடுப்பில் பெட்டியோடு மறுபடியும் படியேறினாள். பெரிய கார்ட் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறாள். மேசையில் கார்டை வைத்தாள். பக்கத்தில், வீட்டு ஷோகேஸில் பத்திரமாக வைத்திருந்த நாநாவின் டியூபையும் வைத்தாள்.

பிரித்தேன். அடித்தட்டு வெள்ளை. பிளேடு நுனியால் ஓரத்தில் கீறினேன். சிவப்பு.

இதில் நாநாவின் மெட்டலைப் போடலாம், ஆனால் கவனம் வேண்டும். லிக்விட் மெட்டல் கரண்டையும் கடத்தும். சிப்பைச் சுற்றியிருக்கும் சின்னப் பாகங்களில் சிந்தினால் கார்ட் கருகிவிடும். அவற்றின்மேல் பூசி மூடும் வார்னிஷ் கடையில் தீர்ந்திருந்தது. நிறமில்லாத நெயில் பொலிஷ் இருந்தால் போதும் என்றேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தாள். தொழுகைக்கு முன் கழுவும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்பதால் அவள் போடுவதில்லை, மணப்பெண்களின் அவசரத்துக்கு வைத்திருப்பது. அவளே பூசினாள். என்னைவிட அவளுக்குக் கை நிதானம். காய்ந்த பிறகு நான் மெட்டலைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துப் பரப்பி மூடினேன்.

ரெண்டர் போட்டபோது கார்ட் எழுபதைத் தொடாமல் ஓடியது. நாநாவுக்குக் கோல் போட்டு எண்ணைக் காட்டினாள். அவர் தன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எண்ட பேஸ்ட் வீணாப் போகல்ல” என்றார்.

“எங்க தம்பி வீணாப் போறது?” என்றேன். “பொருத்தமான எடம் வர்ற வரைக்கும் இருந்துச்சு, அவ்வளவுதான்.”

பேஸ்ட் எது நல்லது என்று கடைக்கு வருகிறவர்கள் இன்றும் கேட்கிறார்கள். முதலில் ஹீட்சிங்க்கைக் கொண்டுவாருங்கள், அடித்தட்டைக் கீறிப் பார்ப்போம் என்கிறேன்.