யாருடைய இருமல்?

நம் படிப்பகப் பலகையில் பத்திரிகைச் செய்தி எழுதும் இடத்தில், இன்று பஸ்ஸில் கேட்டதை எழுதிவைக்கிறேன்.

உத்திரமேரூர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள். நடவு வேலை செய்கிறவர். மடியில் தர்மாஸ்பத்திரி மருந்து பாட்டில்.

"உடம்புக்கு என்னம்மா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. என் வூட்டுக்காருதான் இருமி இருமிப் படுத்துக்கினு கீறாரு. ரோடு வரைக்கும் இட்டாறதுக்கு வண்டிக்கு எங்க போறது? சீக்காளி நேர்ல வராம மருந்து குடுக்க மாட்டாங்க. அதான் எனக்குன்னு சொல்லி, வரிசையில நின்னு நானே இருமினேன்."

"டாக்டர் நம்பிட்டாரா?"

"நெஞ்சுல கொழா வெச்சுப் பாத்தாரு. சளியே இல்லம்மான்னு லேசான மருந்தாக் குடுத்துட்டாரு."

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பலமா இருமியிருக்கணும்" என்றார்.



காலையில் அந்த வரிசையைத் தாண்டித்தான் நானும் போனேன். நம் ஊர்க்காரர்களே, நீங்களும் பலர் அதில் நின்றிருந்தீர்கள். எல்லோரும் நடந்து வரக்கூடியவர்கள்.

யார், யாருக்காக இருமினீர்கள் என்று கீழே எழுதிவிட்டுப் போங்கள். சாக்பீஸ் பலகைக்குப் பின்னால் இருக்கிறது.